அத்திப்பழச் சுவர்

ஒரு காட்டில், யானைகூட இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு மேட்டில், பெரிய வெண்தேக்கு மரம் ஒன்று நின்றது. அதன் நடு உயரத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் பூவாயி என்ற இருவாச்சிப் பறவை தன் குஞ்சு மின்னியோடு அடைந்து கிடந்தாள்.

இருவாச்சி தெரியும்தானே? வளைந்த பெரிய அலகு. அந்த அலகின் மேல் தொப்பி கவிழ்த்தது மாதிரி இன்னொரு புடைப்பு. இந்தப் பறவைகளிடம் வேறு எந்தப் பறவையிடமும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேற்றையும் பழச்சக்கையையும் குழைத்து, வாசலைத் தானே பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். ஆண் பறவை பகலெல்லாம் அலைந்து, தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து, அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். பாம்பும் மரநாயும் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பிப் போகும்.

உள்ளே இருக்கிற நாட்களில் தாய்ப்பறவையின் சிறகெல்லாம் கொட்டிப் போய்ப் புதுச்சிறகு முளைக்கும். குஞ்சுக்கும் சிறகு முளைத்ததும் தாய் சுவரை உடைத்துக்கொண்டு குஞ்சோடு வெளியே வந்துவிடுவாள். அதுதான் அவர்கள் முறை.

பூவாயியும் முறைப்படிதான் உள்ளே போனாள். வெளியே வருகிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது.

மின்னிக்குச் சிறகு முளைத்துப் பத்து நாளாகிவிட்டது. அக்கம்பக்கத்துப் பொந்துகளில் இருந்த தாய்மார்கள் எல்லோரும் வெளியே வந்து, குஞ்சுகளோடு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தார்கள். பூவாயியின் கணவன் வேலப்பன் மட்டும் இன்னும் பழம் சுமந்துகொண்டிருந்தான். அவன் பொறுமைசாலி. ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டான்.

"பூவாயி, இன்றைக்கு வருகிறாயா?" என்று கீறலில் அலகை வைத்துக் கேட்டான்.

"நான் என்ன, வரமாட்டேன் என்றா சொல்கிறேன்? சுவர் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?"

"நேற்று ஒரு விரிசல் விட்டிருந்ததே?"

"விட்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பூசிவிட்டேன்."

வேலப்பன் புதுப்பூச்சை அலகால் தட்டிப் பார்த்தான். பிறகு, "சரி, நாளைக்குப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டுப் பழம் தேடக் கிளம்பினான்.

மறுநாள் காற்று பலமாக அடிக்கிறது என்றாள் பூவாயி. அதற்கு அடுத்த நாள் காற்றே இல்லை, காற்றில்லாமல் எப்படிப் பறப்பது என்றாள். அதற்கும் அடுத்த நாள், இன்று செவ்வாய்க்கிழமை என்றாள். காட்டில் ஏதம்மா செவ்வாய்க்கிழமை என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். வேலப்பன் கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், பூவாயிக்குப் பயம். பழைய சிறகு இருந்தபோது அவள் இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு ஒரே மூச்சில் போய் வந்தவள். இப்போது இருப்பதோ புதுச்சிறகு. அது விரியுமா, காற்றைப் பிடிக்குமா, நடுவானில் காலை வாரிவிடுமா என்று அவளுக்குத் தெரியாது. கீறல் வழியாகக் கீழே பார்ப்பாள். எப்போது பார்த்தாலும் தரை இன்னும் கொஞ்சம் கீழே போய்விட்டது போலத் தோன்றும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சுவர்தான் விடமாட்டேன் என்கிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள்.

வெயில் காலத்தில் சுவர் காய்ந்து விரிசல் விடத்தான் செய்யும். ஒவ்வொரு விரிசலையும் பூவாயி உடனுக்குடன் பூசினாள். ஓடை வற்றிப் போனதால் சேறு கிடைக்கவில்லை. அதனால் வேலப்பன் கொண்டுவருகிற அத்திப்பழத்தையே நசுக்கி, பிசைந்து, அப்பினாள். முதலில் விரிசலுக்கு ஒரு பழம் என்று போயிற்று. பிறகு இரண்டு. அப்புறம் வருகிற பழத்தில் பாதி சுவருக்கே போனது.

"அம்மா, பசிக்கிறது," என்பாள் மின்னி.

"இரு கண்ணே. இந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுகிறேன்," என்பாள் பூவாயி.

குஞ்சுப்பருவத்தில் கொழுகொழுவென்று இருந்த மின்னி இப்போது நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

இந்த விஷயத்தில் ஒருவனுக்கு மட்டும் ஏக சந்தோஷம். அதே மரத்தின் மேல் கிளையில் சீராளன் என்று ஒரு மலையணில் இருந்தான். வாய் எட்டூருக்கு நீளம். உடம்பு வளையவே வளையாது. அத்தி மரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதுவரைக்கும் போய்ப் பழம் பறிக்க அவனுக்குச் சோம்பல்.

ஒரு நாள் அவன் இறங்கி வரும்போது பொந்தின் பக்கம் நல்ல வாசனை வந்தது. மோந்து பார்த்தான். சுவரை ஒரு நக்கு நக்கினான். அவன் வால் நட்டுக்குத்தலாக நின்றது.

"அடடே! வீட்டு வாசலிலேயே விருந்து வைத்திருக்கிறாளே மகராசி!"

அன்றிலிருந்து சீராளன் ஒவ்வொரு மத்தியானமும் வந்து, சத்தம் காட்டாமல் வெளிப்பக்கச் சுவரைச் சுரண்டித் தின்றான். கீறல் வழியாகப் பார்த்தால் வானம் தெரியும், எதிர்மலை தெரியும். சுவரின் வெளிப்பக்கம் தெரியாது. அதனால் பூவாயி அவனைப் பார்க்கவில்லை. அவன் வெளியே சுரண்டச் சுரண்ட உள்ளே விரிசல் விழுந்தது. விரிசல் விழ விழ அவள் பழத்தை அப்பினாள். அவனுக்கு மறுநாள் சாப்பாடும் தயார்.

அதோடு விட்டானா? தின்று முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, கீறலுக்கு நேராக வந்து உட்கார்ந்துகொள்வான்.

"அக்கா! பூவாயி அக்கா! நன்றாக இருக்கிறாயா?"

"இருக்கிறேன் தம்பி. வெளியே என்ன சேதி?"

"சேதியா? அதை ஏன் கேட்கிறாய்! ராஜாளி ஒன்று வந்திருக்கிறது அக்கா. இத்தனை பெரிய நகம். நேற்று ஒரு குரங்கையே தூக்கப் பார்த்தது. நீ நல்ல காலத்துக்கு உள்ளே இருக்கிறாய். சுவரைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக்கொள்."

"ஐயையோ, அப்படியா?"

"நம் மேல் அக்கறை இருக்கிறவர்கள்தானே நமக்குச் சொல்வார்கள்! பழம் நிறைய வைத்துப் பூசு அக்கா. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வை. அதுதான் நன்றாக ஒட்டும்."

பூவாயி அவனுக்கு நன்றி சொன்னாள். அன்று மின்னிக்கு இரண்டே பழம்தான் கிடைத்தது.

ஒரு நாள் காலை வேலப்பன் வந்தபோது அவன் தொண்டை பாதிதான் நிறைந்திருந்தது. சிறகு ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

"பூவாயி, நான் சொல்வதைக் கேள். அத்தி மரத்தில் இன்னும் ஒரு நாளைக்குத்தான் பழம் இருக்கிறது. நம் கூட்டம் முழுக்க நாளைக்குக் கீழ்மலைக்குக் கிளம்புகிறது. இந்த நைந்த சிறகோடு அங்கே போய் இங்கே சுமந்து வர எனக்கு ஒரு பகல் ஆகும். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். மின்னி தாங்குவாளா?"

பூவாயி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மின்னி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. 

"இந்தச் சுவரை யாராவது உடைத்துக் கொடுத்தால் நான் வரமாட்டேனா?" என்று அழுதாள்.

வேலப்பன் நேராகப் போய்க் கட்டையனைக் கூட்டிவந்தான். கட்டையன் மரங்கொத்தி. வேலையில் சூரன், பேச்சில் முரடன். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான்.

"தள்ளி உட்கார் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுக் கட்டையன் கொத்த ஆரம்பித்தான். டொக், டொக், டொக். சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. கூடவே காற்றும் வந்தது. பூவாயியின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டன. அவளுக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. காலடியில் கிடந்த பழத்தை எடுத்து ஓட்டையில் அப்பிவிட்டாள்.

கட்டையன் இன்னொரு பக்கம் கொத்தினான். அவள் அங்கேயும் அப்பினாள். கட்டையன் மேலே கொத்தினான். அவள் மேலே அப்பினாள். கடைசியில் அவன் அலகெல்லாம் பழக்குழம்பாகி, கண்ணிமைகூட ஒட்டிக்கொண்டது.

"ஏ தங்கச்சி! நான் உடைக்க வந்தேனா, உனக்குச் சித்தாள் வேலை பார்க்க வந்தேனா?"

"அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓட்டையைப் பார்த்தால் கை தானாகப் போகிறது."

"உனக்கு ஏது கை? எல்லாம் வாய்தான்!" என்று கட்டையன் அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டான். "வேலப்பா, இந்தச் சுவரை என்னால் உடைக்க முடியாது. உள்ளே இருந்து பூசுகிறவள் நிறுத்தினால்தான் உண்டு. நான் வருகிறேன்."

கட்டையனும் வேலப்பனும் போனதும் சீராளன் கீறலில் முகம் காட்டினான்.

"அக்கா, நல்ல வேளை பிழைத்தாய்! அந்த முரடன் சொல்வதையெல்லாம் கேட்காதே. இன்னும் ஒரு பூச்சு போட்டுவிடு."

மறுநாள் விடிந்ததும் இருவாச்சிக் கூட்டம் கிளம்பிவிட்டது. அவை பறந்த சத்தம் மலைக்கு மலை கேட்டது. பூவாயி கீறலில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளோடு சேர்ந்து உள்ளே போன தோழிகள் எல்லோரும் குஞ்சுகளை நடுவில் விட்டுப் பறந்து போனார்கள். ஒரு தோழி அவள் மரத்துக்கு நேராக வந்ததும் திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பூவாயி கீறலிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வேலப்பன் கூட்டத்தோடு போகவில்லை. அத்தி மரத்தில் தலைகீழாகத் தொங்கித் தேடி, நான்கே நான்கு பழம் கொண்டுவந்தான்.

"இவ்வளவுதான் இருந்தது. நான் வேறு பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மின்னிக்குக் கொடு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பூவாயி ஒன்றை மின்னிக்கு ஊட்டினாள். அப்போது சுவரில் பளிச்சென்று ஒரு விரிசல் தெரிந்தது. முந்தின நாள் சீராளன் வயிறு முட்டத் தின்றிருந்தான் அல்லவா, அதுதான். பூவாயி இரண்டு பழத்தை நசுக்கி அதில் அப்பினாள். மிச்சம் இருந்த ஒரே பழத்தைக் காலடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மத்தியான வெக்கையில் அவளுக்குக் கண் சொருகியது.

கறுக், முறுக் என்று ஏதோ சத்தம் கேட்டு விழித்தாள். மின்னி சுவரைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தாள்.

"அடியே! என்ன செய்கிறாய்?"

மின்னி திரும்பினாள். அலகெல்லாம் அத்தி விதை.

"அம்மா, சுவர் இனிக்கிறது!"

 மின்னி மறுபடியும் திரும்பி, பசி தாங்காமல் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். பொத்தென்று ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கன்னமும் புடைக்க, வாய் நிறைய அத்திப்பழத்தோடு சீராளன் உட்கார்ந்திருந்தான்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா, உங்களுக்கும் பசியா?" என்று கேட்டாள் மின்னி.

சீராளன் அவசர அவசரமாக விழுங்கினான். புரையேறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் அவன் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா! ராஜாளி வருகிறது! அதோ! அடை அக்கா, சீக்கிரம் அடை!"

பூவாயியின் அலகு பழக்கத்தில் கீழே போனது. கடைசிப் பழத்தைக் கவ்வி எடுத்தது. ஓட்டைக்கு நேராக நீண்டது. பக்கத்தில் மின்னி தனக்குத்தான் தரப் போகிறாள் என்று நினைத்து, "ஆ" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

பூவாயி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பக்கம் ஓட்டை. ஒரு பக்கம் குழந்தையின் திறந்த வாய். இத்தனை நாளும் தான் அப்பியது முழுக்க இந்த வாய்க்குப் போக வேண்டியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பழத்தை மின்னியின் வாயில் வைத்தாள்.

"அக்கா, என்ன செய்கிறாய்? ராஜாளி அக்கா, ராஜாளி!" என்று கத்தினான் சீராளன்.

"வரட்டும். முதலில் நீ தள்ளிப் போ. இல்லையென்றால் அடி உன் தலையில் விழும்."

பூவாயி அலகை ஓங்கி ஒரு போடு போட்டாள். சுவர் ஆடியது. இன்னொரு போடு. கட்டையன் அத்தனை கொத்துக் கொத்தியும் விழாத சுவர், நான்காவது போட்டில் மளமளவென்று சரிந்தது. கல் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது காய்ந்த அத்திப்பழம்தான். சரிந்ததில் ஒரு கட்டி சீராளன் முதுகில் விழ, அவன் 'ஐயோ அம்மா' என்று மேல் கிளைக்கு ஓடினான். வானத்தில் ராஜாளியும் இல்லை, ஒரு காக்காயும் இல்லை.

பக்கத்து மரத்திலிருந்து கட்டையன் எட்டிப் பார்த்தான்.

"தங்கச்சி! இதைத்தானே நேற்றே செய்யச் சொன்னேன்!"

"சும்மா இருங்கள் அண்ணே. இன்னும் பறக்கவில்லை," என்றாள் பூவாயி.

பொந்தின் விளிம்பில் வந்து நின்றாள்.  தரை கீழே, வெகு கீழே இருந்தது. மின்னி வந்து அவள் மேல் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"மின்னி, எனக்குப் பயமாக இருக்கிறதடி," என்றாள் பூவாயி. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் பயம்தான் அம்மா. ஆனால் பசிக்கிறதே."

"சரி. நான் முதலில் விழுகிறேன். நான் பறந்தால் நீயும் வா."

கண்ணை மூடிக்கொண்டு பூவாயி குதித்தாள். ஓர் ஆள் உயரம் கல் மாதிரி விழுந்தாள். அப்புறம் புதுச்சிறகு இரண்டும் தாமாகவே விரிந்தன. 'ஊஷ், ஊஷ்' என்று காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. யாரடா இவ்வளவு சத்தமாகப் பறப்பது என்று கண்ணைத் திறந்து பார்த்தால், அவளேதான்! மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். போதவில்லை. இன்னொரு வட்டம் போட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"வாடி கண்ணே! இது ஒன்றுமே இல்லை!"

மின்னி தத்தித் தடுமாறி, ஒரு கிளையில் முட்டி, இன்னொரு கிளையில் தொங்கி, எப்படியோ வந்து சேர்ந்தாள். கட்டையன் இருந்த இடத்திலேயே மரத்தைத் தட்டிக் கொட்டு முழக்கினான்.

கொஞ்ச நேரத்தில் வேலப்பன் திரும்பி வந்தான். எங்கெங்கோ அலைந்தும் அவன் தொண்டையில் இருந்தது ஒரே ஒரு காட்டு நாவல்பழம். எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டே நேராகப் பொந்துக்குப் போனான். அங்கே சுவர் இல்லை. உள்ளேயும் யாரும் இல்லை. அவனுக்கு உயிரே போய்விட்டது.

"பூவாயி! ஐயோ, பூவாயி!"

"ஏன் கத்துகிறீர்கள்? இங்கேதான் இருக்கிறோம்," என்று மேலே இருந்து குரல் வந்தது.

நிமிர்ந்து பார்த்தான். உச்சிக்கிளையில் பூவாயியும் மின்னியும் வெயிலில் சிறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.  வேலப்பன் மேலே பறந்து போய், கொண்டுவந்த நாவல்பழத்தை மகளுக்கு ஊட்டினான். பிறகு பழைய பழக்கத்தில், "நீங்கள் இருங்கள். நான் போய் இன்னும் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்," என்று சிறகை விரித்தான்.

பூவாயி அவன் நைந்த சிறகைப் பார்த்தாள்.

"நீங்கள் உட்காருங்கள். கீழ்மலைக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கு நான் போய் வருகிறேன்."

"அந்தப் பாறையைத் தாண்டி, இடது கைப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு..." என்று ஆரம்பித்தான் வேலப்பன். பாதி வழி சொல்வதற்குள் அவனுக்குத் தலை தொங்கிவிட்டது. உட்கார்ந்தபடியே அயர்ந்து தூங்கிப் போனான்.

"சத்தம் போடாதே, அப்பாவைப் பார்த்துக்கொள்," என்று மின்னியிடம் சொல்லிவிட்டுப் பூவாயி கிளம்பினாள். பள்ளத்தாக்கை அவளே கண்டுபிடித்தாள். கீழ்மலையில் மரத்துக்கு மரம் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தோழிகள் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். கதை பேச அவள் நிற்கவில்லை. தொண்டை கொள்ளுகிற மட்டும் பழத்தை நிரப்பிக்கொண்டு, சாயங்கால வெயில் இருக்கும்போதே திரும்பிவிட்டாள்.

மின்னிக்கு வயிறு நிறைய ஊட்டினாள். பிறகு கணவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நல்ல பழமாக ஒன்றை எடுத்து அவன் அலகோரம் வைத்தாள்.

"வாயைத் திறங்கள்," என்றாள்.

வேலப்பன் கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தான்.

நீதி: உன் வழியை மறித்து நிற்கும் சுவரைப் பழிக்கும் முன், அதைப் பூசுவது யார் என்று பார். பூசுவதை நிறுத்தினால் வழி தானே திறக்கும்.